கல்லறையில் ஒரு கான்டனீஸ் ஜெபம்

பிழைக்கப் போன ஊரில் மனிதனின் நாக்கில் முதலில் ஒட்டுவது அந்த ஊர் வணக்கம் அல்ல, அந்த ஊர் எரிச்சல். ஹாங்காங் ஓட்டல் சமையற்கட்டில் பல வருடம் குப்பை கொட்டிவிட்டுக் காரைக்கால் திரும்பியபோது, கான்டனீஸில் எனக்கு ஒழுங்காகப் பேச வராது. சலித்துக்கொள்ள மட்டும் பிரமாதமாக வரும். தொல்லை என்றால் "ஹோ ஃபான் ஆ!" பொறுக்க முடியாவிட்டால் "கிக் சேய் ஙோ!" (அரிச்சுவடியோடு நின்றுபோன 'ஙோ'வுக்கு வாழ்வு கொடுத்த தமிழன் நான்தான்.)

அப்பா போன பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். நெஞ்சு வலிக்கிறது என்றவரை அம்மா ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாள். "சும்மா வாயுடி" என்று படுத்தவர் எழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் "நல்ல சாவு, புண்ணியவான்" என்றார்கள். அம்மா அழவே இல்லை. சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள். இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

அன்று கடற்காற்றில் மெழுகுவத்தி நிற்கவில்லை. ஏற்ற ஏற்ற அணைந்தது. தீப்பெட்டியும் நமத்துப்போயிருந்தது. "கிக் சேய் ஙோ!" என்று கத்திவிட்டேன்.

"என்னடா அது?" என்றாள் அம்மா.

"எரிச்சல்ல சொல்றதும்மா. 'என்னைக் கோவத்துலயே சாவடிக்கிற'ன்னு அர்த்தம்."

"இங்க யாருக்கும் புரியாதுல்ல?"

"காரைக்கால்ல யாருக்குப் புரியப் போவுது?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அப்பாவின் சிலுவையைப் பார்த்தாள். "கிக் சேய் ஙோ" என்றாள். பிறகு கொஞ்சம் சத்தமாக. பிறகு, ஐயோ, கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்க்கும்படி.

பக்கத்தில் பெரியப்பா கல்லறைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா (பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்) "பிரெஞ்சு ஜெபம்" என்று அக்கம்பக்கத்துக்கு அறிவித்து, கண்ணை மூடி "ஆமென்" என்றாள். வரிசை முழுக்க "ஆமென்" போட்டது. தீர்த்தம் தெளிக்க வந்த சாமியாரும் சிலுவை போட்டுக்கொண்டார். குழி ஏதாவது காலியாக இருந்திருந்தால் நான் இறங்கிப் படுத்திருப்பேன்.

அம்மாவோ, "கூப்பிட்டேனே, வந்தீங்களா?" என்று சிலுவையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். வீட்டுக்கு வந்ததும் பசிக்கிறது என்று சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் பெரியப்பா கல்லறை முன்னால் நின்று பெரியம்மா அந்த 'ஜெபத்தை'த் தவறாமல் சொல்லி வருகிறாள். போன வருடம் மனசு கேட்காமல், "பெரியம்மா, அது ஜெபம் இல்ல, திட்டுறது" என்றேன்.

"தெரியும்டா. உங்கம்மா அன்னைக்கே சொல்லிட்டா" என்றவள், பெரியப்பா பக்கம் திரும்பி இன்னும் பலமாகச் சொன்னாள்.