பியூஸுக்குப் பல் வைத்தியம்

மூன்று பத்துக்கு, வாசல் கேட்டைத் தாண்டும் முன்பே காரின் ஹாரன் வாயை மூடிக்கொண்டது. பல்செட் செய்பவர் அதை ஒரு தட்டுத் தட்டினார், இரண்டு குத்துக் குத்தினார். ம்ஹூம்.

பக்கத்து சீட்டில் ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதற்குள் பஞ்சின் மேல் முழு பல்செட் ஒன்று இளித்துக்கொண்டிருந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் டாக்டரின் கிளினிக்குக்கு ஐந்து மணிக்குள் அது போய்ச் சேர வேண்டும். யாருடைய பல் என்பது இவருக்குத் தெரியாது. டாக்டர் அனுப்பும் அச்சில் பெயர் இருக்காது, எண்தான். இது நூற்றுப் பதினேழு. அந்த வாயின் மேடு பள்ளமெல்லாம் இவருக்கு அத்துப்படி, முகம் எதிரே வந்தால் தெரியாது. நூற்றுப் பதினேழின் வீட்டுக்கு இன்று மாலை வருங்கால மருமகன் முதல்முறையாக வருகிறாராம். இவர் ஏற்கெனவே இரண்டு தடவை கெடு தவறியவர். இன்றும் தவறினால் இனி எல்லா வேலையும் வேறு ஆளுக்கு என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். இவர் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த டாக்டரால்தான்.

"ஹாரன் இல்லாட்டி என்னங்க, மெதுவா ஓட்டிட்டுப் போங்க," என்றாள் மனைவி.

"ஹாரன் இல்லாம ரோட்டுல போறதும் சட்டை இல்லாம போறதும் ஒண்ணு."

அடுத்த தெருவில் கார் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருந்தார். அந்த வட்டாரத்துக்கே அவர் பியூஸ் அண்ணன். மனைவி அவருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள், மறுமுனையில் வெட்டினார்கள். அண்ணன் அப்படிச் செய்கிறவர் இல்லையே என்று அவளுக்கு வருத்தம். கணவருக்கோ உள்ளூர ஒரே குஷி. முப்பத்திரண்டு பல்லை வரிசையாக உட்கார வைக்கிற கைக்கு ஒரு பியூஸ் எம்மாத்திரம்?

ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு மூடியைக் கழற்றினார். வரிசை வரிசையாகக் குட்டி பியூஸ்கள். கருகிப்போன ஒன்றை இடுக்கியால் வலிக்காமல் பிடுங்கினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மற்றவை சிவப்பும் நீலமும் மஞ்சளும் பழுப்புமாகக் கலந்து கிடந்தன. பக்கத்துப் பல்லோடு நிறம் ஒரு பொட்டு மாறினாலும் செட்டையே திருப்பி அனுப்பும் உலகத்தில் இருபத்திரண்டு வருடம் கழித்தவர் அவர். எவனோ நிறம் தெரியாதவன் செய்த வேலை என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் பிடுங்கி, வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறம் வரை அழகாக அடுக்கினார். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு மின்சாரத்துக்கு என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை.

சாவியைத் திருப்பினார். ஹாரன் வரவில்லை. வைப்பர் வந்தது. வறண்ட கண்ணாடியைக் கரகரவென்று துடைக்க ஆரம்பித்து, நிற்கமாட்டேன் என்றது. பிரேக்கை மிதித்தால் ஜன்னல் கண்ணாடிகள் நான்கும் இறங்கின.

பிடுங்கிய இடம் காலியாக இருப்பதுதான் கோளாறு என்று அவருக்குப் பட்டது. நடுவில் ஒரு பல் இல்லாவிட்டால் பக்கத்துப் பற்கள் இரண்டையும் பிடித்துக் கம்பி கட்டுவதுதானே அவர் தொழில்? அதே கம்பியை எடுத்து வந்து இரண்டு பக்கமும் கொக்கி போட்டு மாட்டினார்.

ஹாரன் அலறியது. நிறுத்தத்தான் வழியில்லை.

நான்கே முக்காலுக்கு டாக்டர் போன் செய்தார். கிளம்பிவிட்டதாகவும் ஹாரனில் சின்னக் கோளாறு என்றும் இவர் கத்திச் சொன்னார்.

"ஹாரன் சத்தம் எனக்கே கேக்குதே?"

"அதான் டாக்டர் கோளாறு."

டாக்டர் சிரிக்கவில்லை. பேஷண்ட் வீட்டிலிருந்து நாலு தடவை கேட்டுவிட்டார்கள், ஹாரன் கதையைத்தான் அவர்களுக்கும் சொல்லப்போகிறேன், நாளை முதல் உங்கள் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று வைத்துவிட்டார். பல்செட் செய்பவரின் வீறாப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. டாக்ஸி பிடித்துப் போங்கள் என்று மனைவி பத்தாவது தடவையாகச் சொன்னபோது சரியென்று தலையாட்டினார். கிளம்புவதற்கு முன் கண்ணாடிகளை மட்டும் ஏற்றிவிடுவோமே என்று ஒரு மஞ்சளையும் ஒரு பழுப்பையும் இடம் மாற்றினார். கண்ணாடிகள் ஏறின, வைப்பரும் நின்றது. பெருமை தாங்காமல் வெளியே வந்து, மனைவியைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினார்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் 'டக்' என்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் உள்ளே. நூற்றுப் பதினேழு கண்ணாடி வழியாக அவரைப் பார்த்து இளித்தது. ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.

கண்ணாடியை உடைக்கலாமென்று கல்லை எடுத்தவரின் கையை மனைவி பிடித்துக்கொண்டாள். சில்லு தெறித்துப் பல் உடைந்தால் அதோடு கதை முடிந்தது. இனி பியூஸ் அண்ணன்தான் கதி.

செருப்புக்கூடப் போடாமல் அடுத்த தெருவுக்கு ஓடினார். அண்ணன் வீட்டு வாசலில் புதுப்புடவையில் அவருடைய மகள் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். இவருக்கு மூச்சு வாங்கியது, கண்ணும் கலங்கிவிட்டது.

"அப்பாவைக் கொஞ்சம் அனுப்பும்மா. அஞ்சு நிமிஷம் வந்தாப் போதும். என் பொழப்பே அந்தக் காருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கு."

அவள் உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா ரூமை விட்டே வரமாட்டேங்கிறாரு அங்கிள், போனும் எடுக்கிறதில்ல. போன மாசம் பல்லு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. புதுப் பல்லு அஞ்சு மணிக்கு வந்துரும்னு சொன்னாங்க, அதைச் செய்யற ஆளோட கார்ல ஏதோ ஹாரன் கோளாறாம்."