ரோபோவுக்குத் திருஷ்டி கழித்த அன்று

எங்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து ஆட்களுக்கு வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘வேண்டாம்’தான். பெரியவர்கள் என்ன சொன்னாலும் ‘சரிங்க’ என்று தலையாட்டிவிட்டு, அப்புறம் தனியாக உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்வோம். இந்தச் ‘சரிங்க’வை வைத்துக்கொண்டு ஒரு இயந்திரம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

தொண்ணூறுகளின் நடுவில் நான் மெக்கானிக்கல் கடைசி வருஷப் பரீட்சை எழுதி முடித்திருந்தேன். வேறொரு கல்லூரியில் ரோபோ போட்டி வைத்தார்கள். (ரோபோ என்றதும் பெரிதாக எதையும் கற்பனை செய்துவிடாதீர்கள். ஒயரில் தொங்கும் சுவிட்சு டப்பாவை அமுக்கினால் நகரும் ஒரு தள்ளுவண்டி, அவ்வளவுதான்.) அது கோட்டில் போய் நின்று, எதிரே இருக்கும் கூடைக்குள் ஒரு டென்னிஸ் பந்தை எறிய வேண்டும். ஜெயித்தால் பெங்களூரில் ஒரு கம்பெனியில் பயிற்சி. எனக்கு எப்படியாவது அங்கே போய்விட வேண்டும். ஏனென்றால் பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் பம்ப்செட் பட்டறையில் எனக்கென்று ஒரு நாற்காலியை அப்பா அப்போதே துடைத்து வைத்திருந்தார்.

“ஜெயிச்சா போ கண்ணு, நான் தடுக்க மாட்டேன். தோத்தா திங்கக்கிழமை காலைல பட்டறைக்கு வந்துரோணும்” என்றார்.

“சரிங்கப்பா.”

நானும் என் வகுப்புத் தோழன் சகாயராஜும் சேர்ந்து எறியும் பொறியை வரைந்தோம். ஒரு இரும்புக் கை. அதன் நுனியில் ஒரு கிண்ணம். (அது எங்கள் வீட்டுக் குழம்புக் கரண்டியின் தலை. காணாமல் போன கரண்டியை அம்மா இன்னும் தேடுகிறார்.) கையைக் கீழே இழுத்துக் கொக்கியில் மாட்டினால் ஸ்பிரிங் விறைத்துக்கொள்ளும். கொக்கியை விடுவித்தால் கை நிமிர்ந்து பந்தை எறியும். கணக்குப் போட்டுப் பார்த்து ஒரு சின்ன ஸ்பிரிங்கை மாட்டினோம். பந்தும் சமர்த்தாகக் கூடையில் விழுந்தது. அத்தோடு விட்டிருக்கலாம்.

பட்டறையில் லேத் பார்த்துக்கொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வந்து குனிந்து பார்த்தார்.

“ஏன் மாப்ள, இதென்ன, பேனாவுல இருந்து கழட்டுனதா?”

“கணக்குப் போட்டுத்தானுங்க மாமா...”

“கணக்கு நோட்டுல நிக்கும் மாப்ள. நம்ம பட்டறைல இருந்து ஒரு சாமான் வெளிய போகுதுன்னா, காலத்துக்கும் அசையக் கூடாது.”

சொன்ன கையோடு பழைய மொபெட் ஒன்றின் பின்சக்கர ஷாக் அப்சார்பரைப் பிரித்து, அதிலிருந்த ஸ்பிரிங்கை மாட்டிவிட்டார். நான் என்ன சொன்னேன்? “சரிங்க மாமா.”

அடுத்து அப்பா வந்தார். கை குச்சியாட்டம் இருக்கிறதாம். இன்னும் நீளமாக, நல்ல கனத்த இரும்பில் வெட்டிப் போட்டார். (நான் தோற்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்த மனுசன். இருந்தாலும் பட்டறை பேர் கெட்டுவிடக் கூடாதே!) அதற்கும் ஒரு “சரிங்கப்பா.”

இப்போது கையைக் கீழே இழுக்க வேண்டுமென்றால் சகாயராஜ் அதன்மேல் ஏறி உட்கார வேண்டியிருந்தது. சோதனைக்கு ஒரு பந்தை எறிந்தோம். மதில் தாண்டிக் காரமடைப் பக்கம் போனது, இன்னும் திரும்பி வரவில்லை.

“பவர் இருக்கட்டும் மாப்ள, வேணுங்கறப்ப கொறச்சுக்கலாம்” என்றார் மாமா. குறைப்பதற்கு வழி ஏதும் வைத்திருக்கிறோமா என்று நாங்கள் யாரும் யோசிக்கவே இல்லை.

போட்டிக்கு மொத்தக் குடும்பமும் டெம்போவில் ஏறி வந்தது. எங்கள் முறை வருவதற்குச் சற்று முன்னால் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார். நாலாகக் கீறி, உள்ளே குங்குமம் அப்பிய பழம்.

“ஊரு கண்ணெல்லாம் இதும் மேலதான் சாமி” என்று ரோபோவைச் சுற்றித் திருஷ்டி கழித்தார். புது வண்டிக்குச் செய்கிற மாதிரி பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைத்தார். ரோபோவின் சக்கரம் பழத்தில் ஏற முடியாமல் முக்கியது. உடனே அம்மா அதை எடுத்துக் கிண்ணத்துக்குள் வைத்து, “இங்கயே இருக்கட்டும், எடுத்துப்போடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

“எடுத்துரலாமாடா?” என்றான் சகாயராஜ்.

“நீயே போய் அம்மாகிட்டக் கேளு.”

“உங்க அம்மாடா. நீ கேளு.”

இரண்டு பேருமே கேட்கவில்லை. பழத்தின் மேலேயே பந்தை வைத்தோம். சகாயராஜ் சிலுவை போட்டுக்கொண்டான், நான் சுவிட்சை அமுக்கினேன்.

‘டமார்!’ ரோபோ பின்னால் எகிறி, கரப்பான்பூச்சி மாதிரி மல்லாந்து விழுந்தது. பந்து கூரைக் கம்பியில் போய்ச் சிக்கிக்கொண்டது. பழம் மட்டும் கூடைக்கு மேலே நேராகப் பறந்து, மேடையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்த மில் முதலாளியின் தலைக்குப் பின்னால் சுவரில் மோதிச் சிதறியது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வழுக்கைத் தலை, எல்லாம் ஒரே சிவப்பு.

“ஐயோ, ரத்தம்!” என்று யாரோ கத்தினார்கள். நடுவர் ஒருவர் மேஜைக்கு அடியில் போய்விட்டார். மில் முதலாளி தலையைத் தடவி, விரலை மோந்து பார்த்து, நிதானமாக மைக்கை இழுத்துக்கொண்டார்.

“ஏனுங்க தம்பி, நான் உங்களுக்கு ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனுங்களா?”

“இல்லீங்க” என்றேன். வேறென்ன சொல்ல?

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு கைதட்டல். “அடிச்சான் பாரு!” மாமாதான்.

எங்களைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். ரோபோவை டெம்போவில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பெங்களூர் போச்சு, இனி ஆயுசுக்கும் பம்ப்செட்தான் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். துடியலூர் தாண்டியதும் அப்பா மெல்ல ஆரம்பித்தார்.

“கண்ணு, நீ பெங்களூருக்கே போயிரு.”

“தோத்துட்டனுங்களேப்பா!”

“அதனாலதான் சொல்றேன். பட்டறைல வேலை செய்யறவங்க எல்லாம் புள்ளகுட்டிக்காரங்க.”

அடுத்த மாசமே பெங்களூர் பஸ் ஏறினேன். நானாக ஒரு வேலையும் தேடிக்கொண்டேன். ஊர்ப் பக்கம் போவது சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு மட்டும்தான். அங்கே அட்சதைத் தட்டு என் கைக்கு வந்ததும் முன்வரிசை மொத்தமும் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும். போன தை மாசம் மாமா பேத்தியின் கல்யாணம். கெட்டிமேளம் முழங்கியதும் நான் கையை ஓங்கினேன். மணப்பெண் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். என்ன அடக்கம், என்ன வெட்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் பூரித்துப்போனார்கள்.