டைம்கீப்பர் ரேடியோப் பரீட்சைக்குப் போனார்

கேள்விக்கு நேராகப் பதில் சொல்லவே பிறக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு டைம்கீப்பர்தான். ஐம்பதுகளின் கடைசியில் அவருக்குப் பக்கத்துக் கூண்டில் நான் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். பெயர் என்னவென்று ஒருநாள் கேட்டேன். "பேரு இல்லாமயா சம்பளம் போடுறாங்க?" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

"கறம்பக்குடி பஸ் போயிருச்சாங்க?" என்று கேட்டால், "போகாம பொங்கல் வச்சுக்கிட்டா நிக்கும்?" என்பார். கேட்டவர் விழிப்பார். "இது ஆவுடையார்கோவில் பஸ்தானே?" என்றது ஒரு கல்யாணக் கோஷ்டி. "பின்ன நார்த்தாமலைக்கா போகுது?" என்றார். நார்த்தாமலை பஸ் என்றே நினைத்து அலறியடித்து இறங்கியவர்கள் சீர்த்தட்டுகளோடு ஸ்டாண்டையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். மாப்பிள்ளையும் அதில் இருந்தார்.

கடைசியில் அவர் மனைவிக்கே பொறுமை போய்விட்டது. "கொழம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டதற்கு, "நல்லா இல்லாமயா திங்கிறேன்?" என்றாராம். அந்த அம்மாள் பெட்டியைக் கட்டினார். "என்னைக்கு ஒரு கேள்விக்காச்சும் நேரா பதில் சொல்றீங்களோ, அன்னைக்கு வாரேன்" என்று கறம்பக்குடிக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார்.

மனிதர் பாதியாக இளைத்துப்போனார். அப்போதுதான் ரேடியோவில் கேள்வி பதில் போட்டி வைக்கப்போவதாகச் சேதி வந்தது. திருச்சியில் ஒரு பரீட்சை. அதில் தேறினால் ரேடியோவில் பேசலாம். கறம்பக்குடியில் மாமனார் வீட்டுக்கு எதிரேதான் ஊருக்கே கேட்கிற பஞ்சாயத்து ரேடியோ. "நான் நேரா பதில் சொல்றது அவ காதுல விழுகாமயா போகும்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. துணைக்குக் கிளம்பினேன்.

பஸ்ஸில் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். "அண்ணே, இந்தியாவுக்குத் தலைநகரம் எது?"

"டெல்லிய விட்டுட்டுக் கீரனூரையா வப்பாங்க?"

"டெல்லின்னு மட்டும் சொல்லுங்கண்ணே."

"சொல்ல மாட்டேன்னா சொன்னேன்?"

திருச்சியில் மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். "பூமி சூரியனைச் சுற்றுகிறதா, சூரியன் பூமியைச் சுற்றுகிறதா?" என்று ஒருவர் கேட்டார்.

"சூரியனுக்கு வேற சோலி இல்லையாங்க?"

ஒருவர் சரி போட்டார். மற்றவர் தப்பு போட்டார். இவர் பதில் சொல்கிறாரா, நம்மைக் கேட்கிறாரா என்று தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். "இதுதான் உங்கள் முடிவான பதிலா?"

"முடிவு பண்ணாமயா பஸ் ஏறி வந்தேன்?"

கேட்டவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "நீங்கள் போகலாம்" என்றார்.

புதுக்கோட்டையில் இறங்கிய டைம்கீப்பர் விறுவிறுவென்று கறம்பக்குடி பஸ்ஸில் ஏறிவிட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானும் ஏறினேன்.

கண்டக்டர்கள் புண்ணியத்தில் அவர் பரீட்சைக்குப் போன சேதி எங்களுக்கு முன்பே அங்கே போயிருந்தது. வாசலில் நின்ற அந்த அம்மாள், "என்ன இங்கிட்டு? ரேடியோவுக்குத் தேறிட்டீங்களா?" என்றார்.

"தேறாமயா..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல. தேறல."

அந்த அம்மாள் பதறிப்போய் என்னைப் பார்த்தார். "தம்பி, இவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" பிறகுதான் விஷயம் புரிந்து கண் கலங்கினார். பெட்டியை எடுக்க உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில், "காலையில சாப்டீங்களா?" என்று அவரிடம் கேட்டார் அந்த அம்மாள்.

"சாப்புடாமயா கெடப்பேன்?"

காலையிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்த அம்மாளுக்கு அது எப்படித் தெரிந்ததோ, சிரித்துக்கொண்டே பணியாரப் பொட்டலத்தை அவர் மடியில் பிரித்து வைத்தார்.

அந்த டைம்கீப்பரை இன்னுமா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்.

நினைக்காமல் இருப்பேனா?