ஒரு கீறல்கூட இல்லாத பிலோமினா

"கார் என்ன விலைன்னு கேக்கலை மஜெல்லா. காரைப் போன வாரமே வாங்கியாச்சு. இன்ஷூரன்ஸ் எவ்வளவுன்னுதான் கேட்டேன்."

"நானும் இன்ஷூரன்ஸைத்தான் சொன்னேன், ஃபின்டன்."

ஃபின்டன் கில்ஹூலி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். டிரம்லாக் கடைத்தெருவிலேயே குளிரான இடம் மஜெல்லாவின் இன்ஷூரன்ஸ் ஆபீஸ். அங்கேயும் அவனுக்கு வேர்த்தது.

"அந்தக் காசுக்கு இதே மாதிரி இன்னும் ரெண்டு கார் வாங்கலாமே!"

"தாராளமா வாங்கு. அதுக்கும் இன்ஷூரன்ஸ் கட்டணும்."

பக்கத்து நாற்காலியில் அவன் மகள் ரோஷீன் உட்கார்ந்திருந்தாள். பதினெட்டு வயது. டிரைவிங் டெஸ்ட்டில் முதல் தடவையிலேயே தேறியவள். அந்த டெஸ்ட் வைக்கும் மனிதர் சொந்த மைத்துனனையே நான்கு தடவை திருப்பி அனுப்பியவர். அவரிடம் தேறுவது சாதாரணக் காரியமில்லை. போன குளிர்காலத்தில் சர்ச் ஹாலில் மின்சாரம் போய், கூடியிருந்த ஆம்பிளைகள் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, ஏணி போட்டு ஏறிச் சரிசெய்ததும் இவள்தான். அதைப் பார்த்துத்தான் காஹல் என்ற எலக்ட்ரீஷியன் தன்னிடம் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்த்துக்கொண்டார். ஒரே நிபந்தனை. இன்று இங்கே நாளை அங்கே என்று லீட்ரிம் மாவட்டம் முழுக்க வேலை நடக்கும். காலை ஏழரைக்கு வேலை இடத்தில் நிற்க வேண்டும். எங்கள் ஊர் பஸ்ஸோ, வேலைக்குப் போகிற எவருக்கும் உதவாத நேரத்தில் வருவதையே கொள்கையாக வைத்திருக்கிறது.

"திங்கக்கிழமை சொந்த வண்டியில வந்தா வேலை இருக்கு. இல்லைன்னா வேற ஆள் காத்துக்கிட்டிருக்காங்க" என்று காஹல் சொல்லிவிட்டார். அன்று வியாழக்கிழமை.

"குறைக்க வழியே இல்லையா?" என்றான் ஃபின்டன்.

"அனுபவம் உள்ளவங்க யாராவது இந்த வண்டியை அப்பப்போ ஓட்டுவாங்கன்னா, அவங்க பேரையும் சேர்க்கலாம். குறையும்."

ஃபின்டன் நெஞ்சை நிமிர்த்தினான். "அனுபவமா? போடு என் பேரை!"

மஜெல்லா கம்ப்யூட்டரில் தட்டினாள். திரையைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"கூடிடுச்சு."

"எது கூடிடுச்சு?"

"பணம்தான். போன வருஷம் நீ வாங்கின க்ளெய்ம் இருக்கே. பாதிரியார் வீட்டுச் சுவர்."

ரோஷீன் திரும்பினாள். "அப்பா, யாரோ சூப்பர்மார்க்கெட்டுல இடிச்சுட்டு ஓடிட்டான்னு சொன்னீங்களே?"

"அது புதுச் சுவரும்மா. நான் பழைய சுவர் இருந்த ஞாபகத்துல பின்னாடி எடுத்துட்டேன்."

"பழைய சுவரும் அதே இடத்துலதான் இருந்துச்சு" என்றாள் மஜெல்லா.

ஃபின்டன் அவசரமாக மனைவிக்குப் போன் போட்டான். டீர்ட்ரா பள்ளிக்கூட டீச்சர். ஊரில் பாதிப் பேருக்குச் சாலையைக் கடக்கக் கற்றுக்கொடுத்தவள்.

"டீர்ட்ரா, உன் பேரை ரோஷீன் வண்டியில சேர்க்கிறோம். உனக்குச் சம்மதம்தானே?"

மறுமுனையிலிருந்து மெல்லிய குரல் வந்தது. "அதைச் சேர்த்தா... எல்லாம் தெரிஞ்சுடுமா?"

"எல்லாம்னா?"

"வேகமாப் போனேன்னு ஒரே ஒரு தடவை புடிச்சாங்க. சரி, ரெண்டு தடவை. ஸ்கூல்ல சாலைப் பாதுகாப்புக் கூட்டம். நான்தான் பேசணும், நேரமாயிடுச்சு."

"ரெண்டாவது தடவை?"

"அதே கூட்டத்துலேர்ந்து திரும்பி வரும்போது."

மஜெல்லா கேட்காமலேயே தட்டிப் பார்த்துவிட்டு, திரையை ஃபின்டனுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள். அது அவளுடைய நல்ல மனசு.

"சரி, இப்படிச் செய்வோமா?" ஃபின்டன் குரலைத் தாழ்த்தினான். "வண்டி என்னுதுன்னு எழுதிடுவோம். ரோஷீன் எப்பவாவது ஓட்டுவான்னு..."

"அதுக்குப் பேரு மோசடி. நாளைக்கு ஒண்ணு நடந்தா கம்பெனி சல்லிக் காசு தராது. நீ உள்ளே போவே, என் கடைக்கும் பூட்டு."

"வேண்டாம்ப்பா" என்று ரோஷீன் எழுந்தாள். "நான் காஹலுக்குச் சொல்லிடறேன்." அவள் அழவில்லை. அதுதான் ஃபின்டனை என்னவோ செய்தது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கைவிட அதிகமாகப் பரிமாறப்பட்டது சுவர் விஷயமும் வேக விஷயமும்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டு முடித்து, மூச்சு வாங்கி, ஒரே நேரத்தில் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

"பிலோமினா!"

பிலோமினா ஃபின்டனின் அக்கா. தபாலாபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தாறு வருடமாகக் கார் ஓட்டுகிறார். ஒரு கீறல் கிடையாது, ஒரு அபராதம் கிடையாது. அவர் வண்டி வருகிறது என்பதை அதற்குப் பின்னால் வருகிற ஊர்வலத்தை வைத்தே சொல்லிவிடலாம். முதலில் அவர், பின்னால் பால் லாரி, இரண்டு டிராக்டர், கடைசியில் சவ வண்டி. அந்தச் சவ வண்டியில் இருந்தவரைத் தவிர எல்லாருக்கும் அவசரம். ஆனால் ஒருவரும் முந்த மாட்டார்கள். நானே எத்தனையோ தடவை அந்த வரிசையில் போயிருக்கிறேன். எரிச்சலாக வரும், வீடு சேர்ந்த பிறகு மரியாதையாக மாறிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, காரை வாசலைப் பார்த்து நிறுத்திவிடுவார். கிளம்பும்போது நேராகக் கிளம்பலாம். அவர் வண்டியைப் பின்னால் எடுத்து ஒருவரும் பார்த்ததில்லை. "அதுதான் முன்யோசனை" என்பார்கள். ஸ்லைகோ ரோட்டில் புதிதாக ரவுண்டானா கட்டிய பிறகு, சதுப்பு நிலத்து வழியாகச் சுற்றித்தான் போகிறார். "எதுக்கு வீண் வம்புன்னு ஒதுங்கிப் போற பெரிய மனுஷி" என்பார்கள். ஃபின்டன் மகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த நாட்களில் வாய்க்கு வாய் சொன்னது ஒன்றுதான்: "பிலோமினா அத்தையைப் பாரு!"

ஒரே ஒரு சிக்கல். கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்படி ஒரு வரிசையில் மாட்டிக்கொண்ட ஃபின்டன், முன்னால் போவது யாரென்று பார்க்காமல் ஹாரன் அடித்துவிட்டான். அன்றிலிருந்து அக்கா அவனோடு பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒரு ஆப்பிள் டார்ட்டை ஏந்திக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் நின்றான்.

"யாரது?" என்றார் பிலோமினா, நேரே அவன் முகத்தைப் பார்த்து.

"நான்தான்க்கா. அன்னிக்கு ஹாரன்ல தெரியாம கை பட்டுடுச்சு."

"மூணு தடவையா?"

"கை கொஞ்சம் நடுங்கிச்சு. குளிரு."

டார்ட்டை வாங்கிக்கொண்டார். அது நல்ல சகுனம். ஃபின்டன் விஷயத்தைச் சொன்னான். சுவரையும் சொன்னான். டீர்ட்ராவின் வேகத்தை இன்னும் விளக்கமாகச் சொன்னான். பிலோமினா கேட்டுக்கொண்டே இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"என் பேரைப் போட்டா நான் நிஜமாவே அந்த வண்டியை ஓட்டணும். பொய்க்கு நான் வரமாட்டேன்."

"ஓட்டுக்கா! உன் கை பட்டா அந்த வண்டிக்கே பெருமை."

"இன்னொண்ணு. பொண்ணு ஓட்டுறதை நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும். அந்த டெஸ்ட் வைக்கிற ஆள் என்னென்ன செய்யச் சொன்னானோ, ஒண்ணு விடாம என் முன்னால செஞ்சு காட்டணும். அப்புறம்தான் பேரைக் குடுப்பேன்."

சர்க்கார் டெஸ்ட்டாவது ஒரு மனிதர் வைப்பது. இது பிலோமினா வைப்பது.

இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியைத் தெருவில் இறக்க முடியாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். சந்தை இல்லாத நாளில் மாட்டுச் சந்தை மைதானம் காலியாகக் கிடக்கும். மைதானத்துக்குச் சொந்தக்காரர் அனுமதியோடு கேட்டைப் பூட்டிக்கொண்டால் அது தெரு இல்லை. அன்று சாயங்காலமே வைக்கோல் ஏற்றும் டிரெய்லரில் அந்தச் சின்ன நிசானைக் கட்டி, ஊர் நடுவே இழுத்துப் போனான். வழியில் மூன்று பேர் நிறுத்தி, "சந்தைக்கா? பால் எவ்வளவு கறக்கும்?" என்று கேட்டார்கள்.

ஃபின்டன் தீவனக் கடையில் வேலை பார்ப்பவன். வாளிகளையும் தீவன மூட்டைகளையும் கொண்டு வந்து மைதானத்தில் ஒரு ஊரையே உண்டாக்கினான். மூட்டைகள் நடைபாதை. நடுவில் வட்டமாக வைத்த வாளிகள் ரவுண்டானா. மழை தூற ஆரம்பித்தது.

ரோஷீன் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தாள். பிலோமினா கையுறையோடு பக்கத்தில். ஃபின்டன் பின் சீட்டில்.

"கண்ணாடியைப் பாரும்மா" என்றான் ஃபின்டன்.

"பாத்துட்டேன்ப்பா."

"இன்னொரு தடவை பாரு. அத்தை பாக்கிறாங்க."

"ஃபின்டன், இறங்கு" என்றார் பிலோமினா.

"நான் என்னக்கா செஞ்சேன்?"

"தெருன்னா நடந்து போறவன் ஒருத்தன் வேணும். நீ அந்த ஆளா இரு."

இறங்கினான். மழையில் குறுக்கே நடந்தான். ரோஷீன் ஒவ்வொரு தடவையும் அலுங்காமல் நிறுத்தி அவனுக்கு வழி விட்டாள். மகளுக்கு உதவலாம் என்று நினைத்து, ரவுண்டானாவில் ஒரு வாளியை நைசாகத் தள்ளி வைத்து வழியை அகலமாக்கினான். அது உருண்டு நேரே கார் முன்னால் வந்தது. டீர்ட்ராவாக இருந்தால் ஏற்றியிருப்பாள். அவனாக இருந்தால் பின்னால் எடுத்து மூட்டையில் மோதியிருப்பான். ரோஷீன் நிறுத்தினாள், இறங்கினாள், வாளியை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள், கண்ணாடியைப் பார்த்தாள், கிளம்பினாள்.

"ரவுண்டானாவை இன்னொரு தடவை சுத்து" என்றார் பிலோமினா. சுற்றினாள். "இன்னொரு தடவை." சுற்றினாள். "வெளியே வர்றதுக்கு எப்போ சிக்னல் போடுறே? மெதுவாச் செய்."

அப்புறம் இரண்டு மூட்டைகளுக்கு நடுவே பின்பக்கமாக நிறுத்தும் கட்டம். ஒரே மூச்சில் உள்ளே விட்டாள். பிலோமினா கழுத்தை எட்டி அவள் கையையே பார்த்தார்.

"மறுபடியும். எந்தப் பக்கம் திருப்பினே? வாயால சொல்லிக்கிட்டே செய்."

ரோஷீன் சொல்லிக்கொண்டே செய்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஃபின்டன் மழையில் நனைந்தபடி பார்த்துக்கொண்டே நின்றான். இந்த ரெண்டு நாளும் இன்ஷூரன்ஸ் கம்பெனி சொன்ன பணத்தைப் பார்த்து, அதுதான் மகளின் மதிப்பெண் என்று ஒரு மூலையில் அவனும் நம்பியிருந்தான். இப்போதுதான் அவள் ஓட்டுவதை வெளியே நின்று பார்க்கிறான். அவ்வளவு அழகாக அவர்கள் குடும்பத்தில் ஒருவரும் ஓட்டியதில்லை.

பிலோமினா இறங்கினார். கையுறையைக் கழற்றி ரோஷீன் கன்னத்தைத் தொட்டார்.

"பேரைப் போட்டுக்கோ."

சனிக்கிழமை காலை மஜெல்லா ஆபீஸில் நால்வரும் நின்றார்கள். பிலோமினாவின் பெயரைத் தட்டியதும் மஜெல்லா ஒரு தடவை கண்ணைக் கசக்கிக்கொண்டாள்.

"பாதிக்கும் கீழே வந்துடுச்சு!"

டீர்ட்ரா மகளைக் கட்டிக்கொண்டாள். ரோஷீன் அப்போதுதான் அழுதாள். அழுதுகொண்டே காஹலுக்குப் போன் பண்ணி, திங்கட்கிழமை வருகிறேன் என்றாள். கார் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய, புது டிரைவர்களுக்கான சிவப்பு 'என்' எழுத்து அட்டையைக் கையில் மெடல் மாதிரி பிடித்திருந்தாள்.

"இத்தனை வருஷம் ஒரு க்ளெய்ம்கூட இல்லாதவங்களை நான் பாத்ததே இல்லை" என்றாள் மஜெல்லா. "கம்பெனிக்காரங்க உங்க பேரைக் கண்டா கும்பிடுவாங்க."

பிலோமினா அதற்கெல்லாம் அசையவில்லை. "ரோஷீன், அடுத்த சனிக்கிழமை மறுபடியும் மைதானத்துக்கு வரணும். அந்த வாளியெல்லாம் இருக்கட்டும். ரவுண்டானா, அப்புறம் அந்தப் பின்பக்கம் எடுக்கிறது."

"கேட்டியாம்மா?" ஃபின்டன் பெருமையோடு மகளைப் பார்த்தான். "அத்தை உன்னை லேசுல விடமாட்டாங்க. அந்தக் காலத்து ஆளுங்க கட்டுப்பாடு அப்படி. அக்கா, இந்தப் பசங்களுக்குத் தெரியணும், நீயே சொல்லு. உன் காலத்துல டெஸ்ட் இதைவிட எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு?"

பிலோமினா கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார்.

"எந்த டெஸ்ட்டுடா? எழுபத்தொன்பதுல டெஸ்ட்டுக்குக் காத்திருந்த கூட்டத்தைச் சமாளிக்க முடியாம, கவர்ன்மென்ட்டே டெஸ்ட் இல்லாம எல்லாருக்கும் லைசென்ஸைத் தபால்ல அனுப்பிடுச்சு. நம்ம ஊருக்கு வந்த தபால் கட்டை நான்தான் பிரிச்சேன், அதுல ஒண்ணு என்னுது."