நாலாம் வகுப்பு என் செல்போனை வாசித்தது

நேற்று குத்துக்கல்வலசையில் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போனேன். வகுப்பில் ஆசிரியர்கள் தொழில்நுட்பத்தை எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்து, செல்போன் செயலியில் மார்க் போடுவது என் வேலை.

இதற்கு எனக்கு என்ன தகுதி என்று ஐம்பத்து நாலு வயதில் அடிக்கடி யோசிக்கிறேன். என் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கித் தந்ததே மகள்தான்.

ஆசிரியர் ஐந்துக்கு மூன்று மார்க்காவது வாங்க வேண்டும். குறைந்தால் வகுப்பின் ஸ்மார்ட் போர்டைக் கழற்றி வேறு பள்ளிக்குக் கொடுத்துவிடுவார்கள். நாலாம் வகுப்பு டீச்சருக்கும் இது தெரியும்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். ஸ்மார்ட் போர்டில் ஒரு மரத்தின் படம். டீச்சர் அதைத் திரும்பியும் பார்க்காமல், பக்கத்துக் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார்.

"அங்கன படம் போட்டிருக்குல்லா சார்" என்றார், நான் கேட்காமலே.

செயலிக்கு நெட் கிடைக்கவில்லை. பள்ளி வைஃபையில் சேர்ந்தேன். செல்போன் ஏதோ கேட்டது. சரி கொடுத்தேன். இன்னொன்று கேட்டது. அதற்கும் சரி. வாசிக்காமல் சரி கொடுப்பதில் எனக்கு நீண்ட அலுவலக அனுபவம் உண்டு.

மார்க் இரண்டு போட்டேன். கீழே கருத்து எழுதினேன்.

"ஆசிரியருக்கு... போர்டைத்... தொடவே... பயம்" என்றது வகுப்பு, ஒரே ராகத்தில்.

நிமிர்ந்தேன். மரத்தைக் காணோம். என் செல்போன் திரை போர்டு முழுக்க நின்றது, மகள் வைத்துத் தந்த பெரிய எழுத்தோடு. போர்டில் எது வந்தாலும் சேர்ந்து வாசிப்பது அந்தப் பிள்ளைகளின் பழக்கமாம்.

அதற்குள் மனைவியின் செய்தி வந்து விழுந்தது.

"ஐந்தருவில... மங்குஸ்தான்... வாங்குங்க... போன தடவ மாதிரி... அழுகலைத்... தூக்கிட்டு... வராதீங்க."

"யாரு சார் ஏமாத்துனா?" ஒரு சிறுமி அக்கறையாகக் கேட்டாள்.

"ஏட்டி, சும்மா இரு" என்றார் டீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"இதை எப்படி நிறுத்தணும் டீச்சர்?"

"நிறுத்திரலாம் சார். அந்த ரெண்டு எனக்கா?"

"ஆமா."

"மொதல்ல அதைப் பாருங்க. போர்டு போயிட்டுன்னா இந்தப் பிள்ளைங்க எதை வாசிக்கும்?"

இன்னொரு செய்தி வந்தது.

"நேத்து... உங்க தங்கச்சி... பேசுன... பேச்சுக்கு..."

கருத்தை அழித்துவிட்டு நாலைத் தொட்டேன்.

"நாலு" என்று வாசித்தது வகுப்பு.

டீச்சர் வந்து என் செல்போனை வாங்கினார். ஒரே தட்டு. போர்டு அடங்கியது.

அவருக்கு ஒரு மார்க் குறைத்துவிட்டேனே என்பதுதான் இப்போது உறுத்துகிறது.