கொன்வேர்ஸ் நிறுவிய மாம்பழக் களவு

வெள்ளவத்தையில் நான் குடியிருந்த காலத்தில், கொட்டுகிற மழையில் தலை முதல் கால்வரை நனைந்து வந்து நின்றும், மழை பெய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள மறுத்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். அவருக்குப் பிறகு அப்படி இன்னொருவரை இலங்கையின் எந்தப் பகுதியிலும் நான் காணவில்லை.

வாசலில் அவர் வேட்டியைப் பிழிந்துகொண்டு நிற்கையில், “மழையோ அண்ணை?” என்று கேட்டது என் பிழை.

“மழை பெய்தா நான் நனைவன். அது சரி. இப்ப நான் நனைஞ்சிருக்கிறன். அதைக்கொண்டு மழை பெய்ததெண்டு எப்பிடி ஐசே முடிவுகட்டுவீர்? நான் கடலிலை விழுந்திருக்கலாம்.”

ஓட்டின்மேல் மழை விழுந்த சத்தத்தில் அவர் சொன்னதே எனக்குப் பாதிதான் கேட்டது. கடலில் விழுந்தாரா என்று கேட்டேன்.

“இல்லை, மழைதான். ஆனா உம்மடை நியாயம் பிழை.”

அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கொன்வேர்ஸ். பள்ளிக்கூடத்தில் கேத்திரகணிதம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் நினைவிருக்கும். முக்கோணத்தில் இரண்டு பக்கங்கள் சமமென்றால் இரண்டு கோணங்கள் சமம். அதைத் திருப்பி, இரண்டு கோணங்கள் சமமென்றால் இரண்டு பக்கங்கள் சமம் என்று சொன்னால் அது முதலாவதன் மறுதலை, அதாவது கொன்வேர்ஸ். அதைத் தனியாக நிறுவ வேண்டும். முதலாவது உண்மை என்பதால் இரண்டாவதும் உண்மையாகிவிடாது. நாங்கள் எல்லோரும் இதைப் பரீட்சை மண்டபத்தின் வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டு உத்தியோகத்துக்கு வந்தவர்கள். அவர் மட்டும் அதைத் தலையில் வைத்தபடியே வந்துவிட்டார்.

காலத்தைச் சரியாகச் சொல்வதென்றால், இரண்டாவது உலகப் போர் தொடங்குவதற்கு முந்திய சில ஆண்டுகள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிளறிக்கல் உத்தியோகத்தர் ஐந்து பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்திருந்தோம். வயதில் மூத்தவர் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்ததால் அவருக்கு மனேஜர் என்று பெயர். சமையலுக்குத் திருநெல்வேலிப் பக்கத்து மாடசாமி. கொன்வேர்ஸுக்குத் துறைமுகப் பக்கம் ஒரு கந்தோரில் வேலை.

அவருக்குக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனார் இரண்டு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, உத்தியோகம் நிரந்தரமென்றால் பெண் தரச் சம்மதம் என்றார். நல்ல வார்த்தை. வேறு எவரும் தலையை ஆட்டிவிட்டு வாழைப்பழத்தை உரித்திருப்பார்கள். கொன்வேர்ஸ் எழுந்து நின்றார்.

“என்ரை உத்தியோகம் நிரந்தரம்தான். ஆனா ஐயா, நீங்கள் பெண் தந்த காரணத்தாலை என்ரை உத்தியோகம் நிரந்தரமெண்டு பிறகு ஆரும் சொல்லக்கூடாது. அது வேறை கூற்று.”

தகப்பனார் இரண்டு சீப்பையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொன்வேர்ஸுக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. “விளங்கிக்கொண்டுதான் போறார்” என்று சொல்லி மகிழ்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் ரைடர் செய்வார். தேற்றங்களுக்குக் கீழே புத்தகத்தில் வரும் கடினமான பயிற்சிக் கணக்குக்கு அப்போது ரைடர் என்று பெயர். மற்றவர்கள் சீட்டு விளையாடும் நேரத்தில் இவர் மனேஜருடைய அறை வாசலுக்குக் குறுக்கே சாய்மனைக் கதிரையைப் போட்டு, கால்களை எதிர்ப்பக்க வாசல்நிலையில் முட்டுக்கொடுத்து உட்காருவார். கடற்காற்று அந்த வழியாகத்தான் வரும். உட்கார்ந்துவிட்டால் உலகம் கிடையாது. ஒருநாள் அடுத்த வீட்டு வளவு ஆடு வீட்டுக்குள் வந்தது. அது அறைக்குள் போக வசதியாக இவர் கால்களைத் தூக்கினார். மனேஜருடைய கோட்டில் ஒரு கையைத் தின்றுவிட்டு அது திரும்பியபோது மறுபடியும் தூக்கினார். போகிற போக்கில் ஆடு இவருடைய கொப்பியில் ஒரு பக்கத்தைக் கடித்தது. ஆட்டின் வாய்க்கு வெளியே தொங்கிய பாதியைப் பார்த்துக் கணக்கைச் செய்து முடித்தாரே தவிர, ஆட்டைப் பார்க்கவில்லை. அப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

இனி மாம்பழம். மனேஜருக்கு ஊரிலிருந்து ரயிலில் ஒரு கடகம் கறுத்தக்கொழும்பான் வந்தது. மதியம் மாடசாமி அறுத்துத் தர எல்லோரும் சாப்பிட்டோம். எல்லாவற்றிலும் பெரிய பழத்தை மட்டும் மனேஜர் தம் அறை அலுமாரியின்மேல் வைக்கோலில் படுக்கவைத்திருந்தார். அது அவருடைய கந்தோர்த் தலைமைக் கிளார்க்குக்கு. தங்கையின் கல்யாணத்துக்கு மனேஜர் கேட்ட பதினான்கு நாள் லீவு, தலைமைக் கிளார்க்கின் மேசையில் மூன்று வாரமாகப் படுத்திருந்தது. பழம் போனால்தான் லீவு எழும்பும்.

நாள் ஞாயிற்றுக்கிழமை. மாதம் ஜூன். அன்று கலண்டரில் கிழிக்கப்பட்ட மே மாதத் தாள் இன்னும் என்னிடம் இருப்பதால் இதைச் சொல்கிறேன். ஜூலையிலும் மே மாதத் தாளைக் கிழிக்கலாமே என்று கொன்வேர்ஸ் கேட்பார். கேட்கட்டும். தினமும் நாட்குறிப்பு எழுதிய எனக்கு அந்த ஞாயிறு மட்டும் வெறும் பக்கமாக இருக்கிறது. காரணம் பிறகு வரும்.

நாலு மணிக்கு மனேஜர் அலுமாரியைப் பார்த்தார். வைக்கோல் இருந்தது, பழம் இல்லை. அவர் போட்ட சத்தத்தில் குசினியிலிருந்து மாடசாமி ஓடி வந்தான். மனேஜர் அவனுடைய கையைப் பிடித்து முகர்ந்தார்.

“களவெடுத்தவன்ரை கை மணக்கும். இவன்ரை கை மணக்குது. வேறென்ன சாட்சி வேணும்?”

“அறுத்துக் குடுத்த கைங்க ஐயா. மணக்கத்தானே செய்யும்” என்றான் மாடசாமி.

ஆறு மணிக்குள் வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அந்த வருஷங்களில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்குக் கொழும்பில் ஒரு வேலை போனால் மறுவேலை கிடைப்பது பெரும்பாடு. களவுக் குற்றத்தோடு போனால் தலைமன்னாருக்கு வண்டி ஏறி, கப்பலில் ஊர் திரும்புவதுதான் மிச்சம். மாடசாமி போய்த் தன் தகரப் பெட்டியைக் கயிற்றால் கட்டத் தொடங்கினான்.

கொன்வேர்ஸ் கொப்பியை மூடினார். ஒரு ரைடரைப் பாதியில் அவர் மூடியதை அன்றுதான் பார்த்தோம்.

“இது கொன்வேர்ஸ்” என்றார் மனேஜரைப் பார்த்து.

“என்ன?” என்றார் மனேஜர்.

“பழம் எடுத்தா கை மணக்கும். கை மணந்தா பழம் எடுத்ததெண்டு நீர் திருப்பிச் சொல்லுறீர். எங்கை, உம்மடை கையை மணந்து பாரும்.”

மனேஜர் தம் கையை முகர்ந்தார். நாங்களும் முகர்ந்தோம். ஐந்து உத்தியோகத்தர்கள் வட்டமாக நின்று ஒருவர் கையை ஒருவர் முகர்ந்து பார்த்த காட்சியை யன்னலால் எட்டிப் பார்த்த அடுத்த வளவு அம்மா, யன்னலைச் சாத்திக்கொண்டாள். பத்துக் கைகளில் ஐந்து மணத்தன. ஐந்தும் வலது கைகள்.

மனேஜர் விடவில்லை. பழம் தானாக நடந்து போகாது, எடுத்தது இவனில்லை என்றால் வேறு ஆளைக் காட்ட வேண்டும், ஆறு மணிக்குள் காட்டாவிட்டால் இவன்தான் என்றார். மணி ஐந்தாகியிருந்தது. கொன்வேர்ஸ் கலண்டரில் மே மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன்.

தரவு: அறைக்கு ஒரே வாசல். யன்னலுக்குக் கம்பி உண்டு. ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை வாசலில் நான். எவராவது அறைக்குள் போயிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.

நிறுவ வேண்டியது: பழத்தை எடுத்தவர் யார் என்பது.

நிறுவல்: எவராவது போயிருந்தால் நான் சொல்லியிருப்பேன். நான் சொல்லவில்லை. ஆகவே வேறு எவரும் போகவில்லை. ஆனால் பழம் போயிருக்கிறது. ஆகவே எடுத்தவன் நான்.

கீழே கோடு இழுத்துக் கையெழுத்தும் வைத்தார். அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பார்த்தால் களவில் பிடிபட்டவர் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

மனேஜர் தாளை மூன்று தரம் வாசித்தார். “நீர் திண்டனீரே?”

“திண்ட ஞாபகமில்லை. ஆனா நிறுவியாச்சு.”

“ஞாபகமில்லாமல் நிறுவல் மட்டும் எப்பிடிப் போதும்?”

“ஞாபகம் நிறுவலுக்குள்ளை வராது. எந்த வரி பிழையெண்டு காட்டும், நான் அழிக்கிறன்.”

மனேஜர் அரைமணி நேரம் வரி வரியாகத் தேடினார். நாங்களும் தேடினோம். அந்த வாசலால் ஆடு போய்வந்ததை ஒருவரும் நினைக்கவில்லை, நினைத்தவர்கள் பேசவில்லை. ஐந்தே முக்காலுக்கு மாடசாமியின் பெட்டிக் கயிறு அவிழ்ந்தது. அந்த இரவு அவன் வைத்த சொதியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவர் மனேஜர்.

குற்றவாளிக்குத் தண்டனை இரண்டு. அந்தப் பருவம் முழுவதும் அவருக்கு மாம்பழம் இல்லை. அவருடைய பங்கு மாடசாமிக்குப் போனது. மறுநாள் தலைமைக் கிளார்க்கிடம் அவரே நேரில் போய் விளக்க வேண்டும் என்பது இரண்டாவது. போனார், மே மாதத் தாளோடு. முதலிலிருந்து விளக்கினார். விளங்கவில்லை என்ற முகத்தைக் கண்டு இரண்டாம் தரம் விளக்கினார். மூன்றாம் தரம் ஆரம்பித்தபோது தலைமைக் கிளார்க், மனேஜருடைய பதினான்கு நாள் லீவில் கையெழுத்து வைத்து, இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்படியே வீட்டுக்குப் போகும்படி கெஞ்சினாராம்.

மறு வருஷம் கொன்வேர்ஸுக்குப் பதுளைக்கு மாற்றம் வந்தது. கோட்டை ஸ்டேஷனுக்கு அவருடைய படுக்கைச் சுருளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வண்டி புறப்படச் சில நிமிடம் இருக்கையில், ஒரு வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொன்னேன். பழத்தைத் தின்றவன் நான். சத்தியமாக முகர்ந்து பார்க்கத்தான் போனேன். நான் போனபோதும் வந்தபோதும் அவர் கால்களைத் தூக்கினார், ஆட்டுக்குத் தூக்கியதைப் போல. மனேஜர் போட்ட சத்தத்தில் என் வாய் ஒட்டிக்கொண்டது. மாடசாமி பெட்டியைக் கட்டியபோது வாய் திறந்தது. அதற்குள் அவர் கலண்டரைக் கிழித்துவிட்டார்.

அவர் யன்னலால் தலையை நீட்டினார்.

“ஆட்டுக்கும் உமக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், ஐசே.”

“அப்ப அந்த நிறுவல்?”

“நிறுவலிலை ஒரு பிழையுமில்லை. தரவிலைதான். தரவெண்டு எழுதினதுக்கு ஆரும் காரணம் கேக்கேலாது.” சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த மே மாதத்தை எடுத்து என் கையில் வைத்தார். “பழம் இனிப்போ?”

இனிப்பு என்று சொன்னேனா இல்லையா என்று நினைவில்லை. வண்டி நகர்ந்துவிட்டது.

கறுத்தக்கொழும்பான் எங்கே மணந்தாலும் எனக்கு அவர் நினைவு வருகிறது. இதன் கொன்வேர்ஸும் உண்மை. மாம்பழமே கிடைக்காத மாதத்திலும், அவரை நினைத்தால் வீடெல்லாம் மாம்பழம் மணக்கிறது. நிறுவச் சொன்னால் என்னால் முடியாது. தரவு என்று எழுதிவிடுகிறேன்.