கவரைப் பிரிக்காமல் படித்த கண்டுபிடிப்புச் சித்தர்

அமாவாசை வந்தால் மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. இப்போது கொஞ்சம் கிடைக்கிறது. பாதிக் கூட்டம் செஞ்சியிலேயே இறங்கிவிடுகிறது. கோட்டை அடிவாரத்தில் கண்டுபிடிப்புச் சித்தர் எழுந்தருளியிருக்கிறாரே!

நோய் தீர்க்கும் சாமியாரைப் பார்த்திருப்பீர்கள், பிள்ளை வரம் தரும் சாமியாரைப் பார்த்திருப்பீர்கள். இவர் பேடன்ட் சாமியார். காப்புரிமை விண்ணப்பத்தைக் கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு போனால் போதும், பிரிக்காமலே நெற்றியில் வைத்துப் படித்துவிடுவார். பிரித்துப் படிக்கிறவன் சாதாரண மனுஷன் அல்லவா? இதுவரை யாருக்கும் பேடன்ட் இல்லை என்று அவர் வாயால் சொன்னதில்லை. அவ்வளவு நல்ல மனசு.

அதோடு விடுவாரா? மெஷினைக் கூட்டத்தின் நடுவே ஓட்டிக் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கித் திருஷ்டி கழிக்க வேண்டும். புது பைக்குக்கே சக்கரத்தடியில் பழம் வைக்கிற ஊர், புது மெஷினுக்கு வைக்காதா? சீடர் ஒருவர் அதைச் செல்போனில் படம் பிடிப்பார். பக்திக்காகவாம்.

ரஞ்சிதத்துக்கு இதைக் கேட்கக் கேட்கப் பற்றிக்கொண்டு வந்தது. டிப்ளமோ படித்தவள், புருஷன் சிவசங்கரோடு மோட்டார் ரிப்பேர் கடை நடத்துகிறவள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் செடியிலிருந்து காயை மட்டும் ஆய்ந்து, கொடியை மாட்டுத் தீவனத்துக்குச் சிதையாமல் தருகிற மிதிமெஷின் ஒன்றைச் செய்திருந்தாள். விண்ணப்பத்தையும் தானே எழுதிவிட்டு, புதுச்சேரியில் இருக்கும் பேடன்ட் ஏஜென்ட் ஜெயசுதாவுக்குப் போன் போட்டாள். எழுதியதை அனுப்புங்கள், தப்பு பார்த்துத் தருகிறேன் என்றார் அவர். ஆபீஸில் பதிவாகும்வரை மெஷினை வெளியே காட்டாதீர்கள், ஊரே பார்த்த பொருளைப் புதுசு என்றால் ஆபீசர் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றும் எச்சரித்தார்.

சிவசங்கருக்கு அது பிடிக்கவில்லை. தப்பு கண்டுபிடிப்பதற்கு ஒரு அம்மாவுக்குப் பணமா? சித்தர் பாவம், தப்பே இல்லை என்று சொல்லத்தானே வாங்குகிறார்! மெஷினை மினிவேனில் ஏற்றித் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டான்.

இத்தனை வருஷ உழைப்பு ஒரு எலுமிச்சம்பழத்தோடு நசுங்கப் போகிறதே என்று ரஞ்சிதம் நினைத்தாள். சண்டை போட்டால் கேட்கிற ஆளா இவன்? உட்கார்ந்து ஒரு பக்கம் புதிதாக எழுதினாள், கவரில் போட்டு ஒட்டினாள். முதலில் கவரைக் காட்டலாம், சாமி சரி என்றால் அப்புறம் மெஷினை இறக்கலாம் என்று அவனிடம் சொல்லிவைத்தாள்.

அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. சித்தர் கவரை நெற்றியில் ஒற்றினார். உடம்பு குலுங்கியது. தாடியும் குலுங்கியது, கொஞ்சம் நகரவும் செய்தது.

"மூணு லோகத்திலும் இல்லாத பொருள்மா இது. நானே கண்ணால பாத்ததில்ல. பேடன்ட் உண்டு, மெஷினை இறக்கு."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. சிவசங்கர் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைத்தான்.

"இருங்க. சாமியே பாக்காத பொருள் இன்னான்னு ஜனங்களும் தெரிஞ்சிக்கட்டும்" என்று ரஞ்சிதம் கவரைக் கிழித்துச் சத்தமாகப் படித்தாள். நடுவில் ஒரு தண்டு. அதன் உச்சியிலிருந்து நாலாபக்கமும் விரியும் கம்பிகள். கம்பிகளின்மேல் நீர் புகாத கறுப்புத் துணி. கையில் பிடிக்க வளைந்த பிடி. பயன்: வெயிலும் மழையும் தலையில் படாமல் தடுப்பது.

கூட்டம் ரொம்ப நாள் கழித்து யோசித்தது. மோர் விற்கிற பவுனம்மாள் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சித்தரின் உச்சிக்கு மேலே பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். சித்தரும் பார்த்தார்.

"இது கொடைதான சாமி?" என்றாள் பவுனம்மாள்.

சீடர் பிடித்திருந்த குடையை அவசரமாக மடக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். சித்தர் அசரவில்லை. மூணு லோகத்தைத்தான் சொன்னேன், பூலோகத்தை அதில் சேர்க்கவில்லை என்றார்.

அனந்தபுரத்துப் பிரசாந்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. அவன் இங்கே மயில் விரட்டும் மெஷினைக் காட்டித் திருஷ்டி கழித்தவன். இப்போது அதே மெஷினை வேறொருவர் சந்தையில் விற்கிறார். அவ்வளவு சுத்தமாகக் கழிந்திருந்தது. சீடரின் செல்போனைப் பிடுங்கிப் பார்த்தான். ஊரார் மெஷின் படமெல்லாம் 'மச்சான் லேத்து பட்டறை' என்ற நம்பருக்குப் போயிருந்தது.

அப்புறம் சித்தர் மலைப்பக்கம் ஓடியதைப் பார்க்க வேண்டுமே! தாடி பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

சிவசங்கர் தார்ப்பாயை இன்னும் இறுக்கிக் கட்டினான். வண்டியில் ஏறியதும் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான். "அந்த ஏஜென்டம்மா நம்பர் இன்னா?"

ஜெயசுதா விண்ணப்பத்தைப் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் கோடு கிழித்து அனுப்பினார். எதற்கு உரிமை வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிற முதல் கோரிக்கையில் 'பற்களால் கோதிப் பிரிக்கும் கருவி' என்று மட்டும் இருக்கிறது, அதில் தலை வாருகிற சீப்புகூட அடங்கிவிடும், ஆபீசர் ஒரு சீப்பைக் காட்டியே தள்ளிவிடுவார், உங்கள் மிதிகட்டையைச் சேர்த்து எழுதுங்கள் என்று குறிப்பு வேறு. ரஞ்சிதத்துக்கு முகம் சுருங்கியது, அப்புறம் சிரிப்பு வந்தது, அப்புறம் திருத்தி எழுத உட்கார்ந்தாள்.

அடுத்த அமாவாசைக்கு வேறொரு சித்தர் வருவார், வராமலா போவார்? மூளையைக் கசக்கி ஒன்றை எழுதினால், பிரித்துப் படித்துத் தப்பைச் சொல்கிறவரிடம் காட்டுங்கள் ஐயா. பிரிக்காமலே சரி என்று சொல்ல ஆள் வேண்டுமென்றால் சாமியார் எதற்கு, வாசலுக்கு வருகிற பூம்பூம் மாடு போதும். அது நம் மெஷினையாவது திருடாது.